டிரெட்மில்லுக்கு முன்னும் பின்னும் ட்ரோபோனின்: காசுக்குத் தகுமா?

டிஎம்டி என்று எல்லோரும் சொல்லும், நடக்கவைத்து ஈசிஜி பார்க்கும் டிரெட்மில் சோதனைக்குப் பழைய குறை ஒன்று உண்டு. இருப்பதை இல்லை என்றும், இல்லாததை இருக்கிறது என்றும் அடிக்கடி சொல்லிவிடும். 147 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 1989-ஆம் ஆண்டுத் தொகுப்பில், இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர்களில் 68 சதவீதம் பேரைத்தான் ஈசிஜி மாற்றம் காட்டிக்கொடுத்தது. அடைப்பு இல்லாதவர்களிலும் 23 சதவீதம் பேருக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அந்த ஓட்டையை, இதயத் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையால் அடைத்துவிடலாம் என்ற யோசனை இருபது வருடங்களாகச் சுற்றிவருகிறது. ஏறும் முன் ஒரு ட்யூப், இறங்கியபின் ஒரு ட்யூப். எண் கூடினால் இதயம் திணறியிருக்கிறது என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வேலைக்கு, மிகச் சிறிய அளவையும் காட்டும் ‘ஹை-சென்சிட்டிவ்’ கிட்டுகளில் லேபில் இன்று கையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு. ரோஷ் நிறுவனத்தின் எலெக்சிஸ் ஹை-சென்சிட்டிவ் ட்ரோபோனின் டி ஒன்று. அபாட்டின் ஆர்கிடெக்ட் வரிசை ஹை-சென்சிட்டிவ் ட்ரோபோனின் ஐ மற்றொன்று. ஒட்டிக்கொண்டு வருவது, இதயச் செயலிழப்பைப் பார்க்க எடுக்கும் என்டி-ப்ரோபிஎன்பி. மாரடைப்பைக் கண்டுபிடிக்க இவை எப்படி என்பது இங்கே பேச்சில்லை. அதில் இரண்டு கிட்டும் கில்லாடிகள். வெளிநோயாளியாக வந்து, நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்று சொல்பவரை டிரெட்மில்லில் ஏற்றும்போது இவை என்ன பிரயோஜனம் என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏறும் முன் எடுக்கும் ஒரு ட்யூப் ஓரளவு தகும். இறங்கியபின் எடுப்பது இன்றைய நிலையில் நோயாளிக்கு ஊசிக் குத்து, லேபுக்கு வருமானம், அவ்வளவுதான்.

எண்களிலிருந்து ஆரம்பிப்போம். இனி வரும் ட்ரோபோனின் அளவுகள் எல்லாம் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில். எலெக்சிஸ் கிட்டில் ‘இருக்கிறது’ என்று நம்பிச் சொல்லக்கூடிய குறைந்த அளவு 5. ஆரோக்கியமானவர்களில் 99 சதவீதம் பேர் அடங்கும் மேல் எல்லை 14. அதே கிட்டு அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்றபோது மேல் எல்லை 19 என்றானது. 6-க்குக் கீழ் எண்ணே போடுவதில்லை, ‘6-க்குக் குறைவு’ என்றுதான் ரிப்போர்ட் வரும். ஒரே கிட்டு, நாட்டுக்கு நாடு எல்லை வேறு. ஆர்கிடெக்ட்டில் குறைந்த அளவு 2-க்குச் சற்றுக் கீழ். மேல் எல்லை ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16. ஆர்கிடெக்ட்டில் ஆண் பெண் இருவருக்கும் ஒரே எல்லை போட்டு ரிப்போர்ட் அடிக்கும் லேப் என்றால் அங்கேயே கொஞ்சம் சந்தேகப்படலாம்.

அலகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பல லேப்கள் இன்னும் மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் அச்சிடுகின்றன. அங்கே 0.014 என்றிருப்பது இங்கே 14. ரிப்போர்ட்டில் ‘0.1-க்குக் குறைவு’ என்று மொட்டையாக இருந்தால், அது லிட்டர் கணக்கில் 100-க்குக் குறைவு என்று மட்டுமே பொருள். ஹை-சென்சிட்டிவ் கிட்டில் அது வரவே வராது. பழைய தலைமுறைக் கிட்டையோ, இரண்டு கோடு தெரிகிறதா என்று பார்க்கும் கார்டு டெஸ்ட்டையோ போட்டிருக்கிறார்கள். கார்டில் கோடு விழவே சில நூறு நானோகிராம் வேண்டும். நாம் தேடுவதோ ஒன்று, இரண்டு. மூட்டை எடை போடும் தராசில் ஏலக்காய் நிறுப்பது மாதிரி.

அந்த ஒன்று, இரண்டுதான் இந்த விவகாரத்தின் மையம். 2009-இல் வெளிவந்த ப்ராம்ப்ட்-டிமி 35 ஆய்வில் 120 பேரை உடற்பயிற்சி சோதனையில் ஏற்றி, இதயத் தசையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் நியூக்ளியர் ஸ்கேனும் எடுத்து, ஏறும் முன், இறங்கியதும், 2 மணி நேரத்தில், 4 மணி நேரத்தில் என்று ரத்தம் எடுத்தார்கள். ரத்த ஓட்டக் குறைவு இல்லாதவர்களிடம் ட்ரோபோனின் அசையவில்லை. லேசான குறைவு உள்ளவர்களிடம் 4 மணி நேரத்தில் நடுமதிப்பாக 1.4, அதற்கு மேல் உள்ளவர்களிடம் 2.1 கூடியது. ஆய்வுக்கு அது அழகான முடிவு. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது ஒரு மூலக்கூறைத் தனியாக எண்ணும் அளவுக்கு நுண்ணிய சிங்குலெக்ஸ் கருவி. ஊர் லேபில் இருப்பது அதுவல்ல.

சாதாரண ஹை-சென்சிட்டிவ் கிட்டில் என்ன நடக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தத் தாழ்ந்த அளவில் கிட்டின் ஏற்ற இறக்கம் 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஆளிடம் எடுத்த இரண்டு சாம்பிளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் நிஜமானது என்று சொல்ல, புள்ளியியல் கணக்குப்படி அந்த 10-ஐ 2.77-ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 28 சதவீதம். ஏறும் முன் 6 இருந்தவருக்கு இது 1.7. அதாவது 7.7-க்குக் கீழ் எது வந்தாலும் இயந்திரத்தின் சலசலப்பாகவே இருக்கலாம். உடம்பின் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் இதில் சேர்த்தால் தேவைப்படும் வித்தியாசம் இன்னும் பெருகும். லேசான குறைவு உள்ளவரிடம் நாம் எதிர்பார்க்கும் உயர்வு 1.4. கூட்டத்தைக் கூட்டமாக ஒப்பிட்டால் தெரியும் வித்தியாசம், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் தெரியாது. வணிகக் கிட்டுகளைக் கொண்டு பின்னால் நடந்த ஆய்வுகளில், அடைப்பு இல்லாதவர்களிடமும் உயர்வு வந்தது. இரண்டு கூட்டமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. வியப்பில்லை. மராத்தான் ஓடி முடித்த ஆரோக்கியமானவர்களில் பலருக்கு ட்ரோபோனின் மேல் எல்லையைத் தாண்டுகிறது. ஓரிரு நாளில் இறங்கியும் விடுகிறது. இதயத் தசை இழுபட்டாலே கொஞ்சம் கசியும். கசிந்தது ரத்தம் போதாமலா, உழைப்பாலா என்று ட்ரோபோனினுக்குச் சொல்லத் தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு செய்துதான் பார்ப்போம் என்பவர்களுக்கு, சாம்பிள் எடுப்பதில் எங்கெங்கே கோளாறு வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இறங்கிய கையோடு ரத்தம் எடுப்பதுதான் பரவலாக நடக்கும் தவறு. நோயாளி இருக்கிறார், கை நரம்பில் செருகிய கேனுலா குழாய் இருக்கிறது, எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. ட்ரோபோனின் வெளியே வந்து ரத்தத்தில் தெரிய நேரம் எடுக்கும். 3, 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதோடு, கடுமையாக நடந்ததும் ரத்தத்தின் நீர்ப்பகுதி தற்காலிகமாகத் திசுக்களுக்குப் போய்விடும். பிளாஸ்மா 10 சதவீதம் வரை, சில சமயம் அதற்கு மேலும் சுருங்கும். மிச்சமிருப்பது எல்லாமே அடர்த்தியாகும். குழம்பு சுண்டினால் உப்பு ஏறுவது மாதிரி. 8 இருந்தது 9 ஆவதற்கு இதயம் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. இதைத் திருத்த இரண்டு ட்யூபிலும் ஹீமோகுளோபினும் ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு) பார்த்து, 1974-இல் டில், காஸ்டில் இருவரும் தந்த சூத்திரத்தில் பிளாஸ்மா மாற்றத்தைக் கணக்கிட வேண்டும். வழக்கமான ரிப்போர்ட்டில் இந்தத் திருத்தம் இருக்காது.

நிற்பதும் படுப்பதும்கூட இதே வேலையைச் செய்யும். படுக்கையில் படுக்கவைத்து முதல் ட்யூப், பெஞ்சில் உட்காரவைத்து இரண்டாவது ட்யூப் என்றால் அதுவே ஒரு வித்தியாசம். இரண்டு தடவையும் 15 நிமிடம் உட்காரவைத்து, பிறகு எடுப்பதுதான் முறை. கையில் இறுக்கும் டூர்னிக்கெட் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. கேனுலா வழியாக எடுத்தால் முதலில் வரும் சில மில்லியைக் கழித்துவிட வேண்டும். சிரிஞ்சில் வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும். உடைந்த ரத்தத்தில் எலெக்சிஸ் டி குறைத்துக் காட்டும் பழக்கம் உள்ளது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றியபின் மேலே உள்ள திரவம் ரோஸ் நிறமாகத் தெரிந்தால், அந்தச் சாம்பிளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

ட்யூப் மாறக் கூடாது. முதலாவது பச்சை மூடி ஹெப்பாரின் என்றால் இரண்டாவதும் அதுவே. சீரம் ட்யூபில் முழுதாக உறையும் முன் சுற்றிவிட்டால் ஃபைப்ரின் நூல் மிதக்கும்; அது இயந்திரத்தில் போய்ச் சிக்கினால் எண் திடீரென்று எகிறும். நாலில் இருந்து நாற்பதுக்குத் தாவிய எண்ணைக் கண்டால் முதலில் அதே ட்யூபை மறுபடி சுற்றி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பதறுவதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு சாம்பிளையும் ஒரே இயந்திரத்தில், ஒரே லாட் ரீஏஜென்ட்டில் (ஒரே தொகுதியில் தயாரான வேதிப்பொருளில்), முடிந்தால் ஒரே ஓட்டத்தில் போடுவது நல்லது. முதல் ட்யூப் ஒரு லேபின் டி, இரண்டாவது இன்னொரு லேபின் ஐ என்றால் இரண்டையும் கழித்துப் பார்ப்பது ரூபாயிலிருந்து டாலரைக் கழிப்பதுபோல். டி-யும் ஐ-யும் வேறு வேறு புரதங்கள்.

இரண்டு கிட்டில் எது தேவலை? இந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஐ. காரணம் கொஞ்சம் விசித்திரமானது. ட்ரோபோனின் டி-க்கு நாள் முழுக்க ஓர் ஏற்ற இறக்கம் உண்டு: காலையில் உச்சம், நேரம் ஆக ஆக இறக்கம். காலை 8 மணிக்கு முதல் ட்யூபும், நடந்து முடித்துப் பகல் 12 மணிக்கு இரண்டாவதும் எடுத்தால், இதயத்திலிருந்து கசிந்த அற்ப உயர்வைத் தானாக இறங்கும் அளவு விழுங்கிவிடக்கூடும். ஐ-யில் இந்தத் தாளம் தெரிவதில்லை. தசைநோய் உள்ளவர்களிடம் டி, இதயத்தில் ஒன்றுமில்லாமலே கூடி நிற்கும். சிறுநீரகம் பழுதானவர்களிடமும் டி-தான் அதிகம் ஏறியிருக்கும். டி-யின் பக்கம் சொல்ல வேண்டியது வேகம்: வழக்கமான ஓட்டம் 18 நிமிடம், அவசர முறையில் 9 நிமிடம், 50 மைக்ரோலிட்டர் போதும். அவசரப் பிரிவில் இது பெரிய விஷயம். நாலு மணி நேரம் காத்திருக்கப் போகிறவருக்கு 9 நிமிடம் மிச்சமாகி என்ன?

பயோட்டின் பற்றியும் இங்கேயே. முடி உதிர்கிறது, நகம் உடைகிறது என்று பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்கள் நிறைய. அது எலெக்சிஸ் கிட்டின் பழைய பதிப்பில் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. புதிய பதிப்புகள் தாங்கும். லேபில் எது ஓடுகிறது என்று தெரியாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுநாள் போவது சுலபம்.

என்டி-ப்ரோபிஎன்பி கதை வேறு. இதய அறையின் சுவர் இழுபடும்போது வரும் பொருள் இது. நடந்தால் கூடும், ரத்த ஓட்டக் குறைவு உள்ளவரிடம் இன்னும் கூடலாம். அதன் சகோதரன் பிஎன்பி சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். என்டி-ப்ரோபிஎன்பி 1 முதல் 2 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வயது கூடினால், சிறுநீரகம் மந்தமானால், பெண்ணாக இருந்தால் எண் அதிகம். உடல் பருமன் இருந்தால் குறைவு. இத்தனை பேர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் எண்ணில், பத்து நிமிட நடையின் பங்கைப் பிரித்தெடுப்பது கஷ்டம். படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்பவருக்கு ஓய்வு நிலையில் ஒரு தடவை பார்ப்பதில் நியாயம் உண்டு. மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழ் இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு குறைவு. அடைப்பைத் தேடுவதற்கு இதை வாங்க வேண்டாம்.

தொகுப்பில் சிகே-எம்பி என்ற தசை நொதிச் சோதனையைச் சேர்த்திருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். நடந்த கால் தசையே அதைக் கூட்டிவிடும். இஸ்கீமியா மாடிஃபைட் அல்புமின் என்று ஒன்று 2003-இல் அமெரிக்க அனுமதியோடு பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. கால் தசை ரத்தத்துக்குத் தவிக்கும்போதும் அதன் எண் மாறுகிறது என்று தெரிந்ததும் டிரெட்மில்லுக்கு அது ஆகாது என்றாகிவிட்டது.

சரி, ஏறும் முன் எடுக்கும் ட்யூப் ஏன் ஓரளவு தகும் என்றேன்? ஓய்வு நிலையில் ஹை-சென்சிட்டிவ் ட்ரோபோனின் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அடைப்பின் வாய்ப்பும் வருங்கால ஆபத்தும் குறைகிறது. இது பல ஆய்வுகளில் நிலைத்து நிற்கும் விஷயம். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ‘டிஎம்டி வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லலாமா என்பதில்தான் இழுபறி. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகக் குழு, ஏற்கெனவே இதயக் குழாய் நோய் உள்ளவர்களிடம் பார்த்து, ட்ரோபோனின் ஐ 2.5-க்குக் கீழ் இருந்தால் இதயத்தை உழைக்கவைத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் சோதனையில் ரத்த ஓட்டக் குறைவு வருவது அபூர்வம் என்று 2018-இல் எழுதியது. சுவிட்சர்லாந்தின் பாசல் குழு, அறிகுறிகளோடு வந்தவர்களிடம் அதே 2.5-ஐ வைத்துப் பார்த்து, தவறவிடுபவர்கள் அதிகம், தனியாக நம்ப முடியாது என்று 2020-இல் சொல்லிவிட்டது. எனக்கு பாசலின் பக்கம்தான் சாய்வு. 2 என்று வந்தால் மருத்துவர் மனதில் சந்தேகம் ஒரு படி இறங்கலாம். கோப்பை மூடக் கூடாது.

இறங்கியபின் எடுக்கும் ட்யூபுக்குச் செலவாகும் கவனத்தை டிரெட்மில் பக்கமே திருப்பினால் பலன் அதிகம். ஏனோதானோ என்று நடத்திய டிஎம்டி-யோடு எந்த ரத்தப் பரிசோதனையைச் சேர்த்தாலும் ஓட்டைப் பானைக்கு வெள்ளி மூடிதான். நெஞ்சில் முடி இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டும் இடத்தில் மழிக்க வேண்டும், ஸ்பிரிட்டால் துடைத்து, மேல்தோலை லேசாகத் தேய்க்க வேண்டும். இதைத் தவிர்த்தால் இரண்டாம் கட்டத்திலேயே கோடு அலைபாயும். அலைபாயும் கோட்டை கம்ப்யூட்டர் சராசரி எடுத்துச் சுத்தமாக வரைந்து கொடுக்கும், அந்தச் சராசரியில், நிஜத்தில் இல்லாத எஸ்டி இறக்கம் முளைக்கும் (எஸ்டி என்பது ஒவ்வொரு துடிப்பின் கூர்முனைக்கும் அடுத்து வரும் கோட்டுப் பகுதி). ‘பாசிட்டிவ்’ என்று அச்சிட்ட ரிப்போர்ட்டில் சராசரிக் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள அசல் கோட்டைப் பார்க்காமல் ஆஞ்சியோவுக்கு நாள் குறிப்பது பெரிய தவறு. எஸ்டி கிடையாகவோ கீழ்நோக்கியோ குறைந்தது 1 மில்லிமீட்டர் இறங்கி, எஸ்டி தொடங்கும் இடமான ஜே புள்ளிக்கு 60 முதல் 80 மில்லிசெகண்டு கழித்தும் அப்படியே இருக்க வேண்டும். அடுத்தடுத்து வரும் மூன்று துடிப்புகளில் தெரிய வேண்டும். மேல்நோக்கிச் சாய்ந்து ஏறுவதை அதே கணக்கில் சேர்ப்பதில்லை. ஓய்விலேயே இடது பண்டில் ப்ளாக், டபிள்யூபிடபிள்யூ போன்ற இதய மின்பாதைக் கோளாறோ பேஸ்மேக்கர் துடிப்போ உள்ளவர்களுக்கு எஸ்டி-யைப் படித்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அப்படித்தான்.

ப்ரூஸ் முறையில் 3 நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும்: மணிக்கு 2.7 கிலோமீட்டரில் 10 சதவீத ஏற்றம், அடுத்து 4.0-இல் 12, அடுத்து 5.5-இல் 14, பிறகு 6.7-இல் 16. மூன்றாம் கட்டம் வந்தாலே பழக்கமில்லாதவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். புடவையோடும் வழவழத்த செருப்போடும் வருபவரை அப்படியே ஏற்றினால் நாலாவது நிமிடத்தில் நிறுத்தச் சொல்வார்; இதயம் உழைக்கவே ஆரம்பித்திருக்காது. சுடிதார், ஷூ என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் தொங்கினால் நிமிடம் ஓடும், உழைப்பு ஓடாது. விரல் நுனி பட்டால் போதும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை இதயத் துடிப்பு எட்டியதும் பட்டனை அமுக்கி இறக்கிவிடுவது பரவலான சோம்பல். அது குறைந்தபட்ச எல்லை. வலியோ தலைசுற்றலோ இல்லாவிட்டால் அவரால் முடிந்தவரை நடக்க விடலாம். துடிப்பைக் குறைக்கும் பீட்டா ப்ளாக்கர் மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்கு அந்த எண் எட்டாது; நிறுத்துவதா வேண்டாமா என்று கார்டியாலஜிஸ்ட் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

நடந்த நிமிடம்தான் இந்தச் சோதனையின் உண்மையான சரக்கு. அதை வைத்து ஆபத்தைக் கணிப்பது டியூக் மதிப்பெண்: நடந்த நிமிடத்திலிருந்து எஸ்டி இறக்க மில்லிமீட்டரை 5-ஆல் பெருக்கிக் கழிக்கவும். வலி வராவிட்டால் அவ்வளவே. வலி வந்து தொடர முடிந்தால் இன்னும் 4 கழிக்கவும். வலியாலேயே நிறுத்தினால் 8. கூட்டல் 5-ம் அதற்கு மேலும் என்றால் ஆபத்து குறைவு, கழித்தல் 11-ம் அதற்குக் கீழும் என்றால் அதிகம். 9 நிமிடம் நடந்து, 1 மில்லிமீட்டர் இறங்கி, தாங்கக்கூடிய வலி வந்தவருக்கு 9 கழித்தல் 5 கழித்தல் 4, பூஜ்யம், நடுத்தரம். பேனா, தாள் இரண்டே செலவு. இதைப் போடாமல் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று ஒரு சொல்லோடு முடியும் ரிப்போர்ட்டுகள்தான் ஏராளம்.

டிஎம்டி தேவையா என்பதே இப்போது கேள்வியாகிவிட்டது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2010-லேயே, இதய நோய் உறுதியாகாதவர்களிடம் அடைப்பைக் கண்டறிய ஈசிஜி டிரெட்மில் வேண்டாம் என்றது. ஐரோப்பிய இதயவியல் சங்கமும் 2019-இல் சிடி ஆஞ்சியோ, ஸ்ட்ரெஸ் எக்கோ போன்ற படச் சோதனைகளை முன்னுக்குக் கொண்டுவந்தது. சிடி வசதி இல்லாத ஊரில், நன்றாக நடக்கக்கூடியவருக்கு, ஓய்வு ஈசிஜி சுத்தமாக இருந்தால் டிஎம்டி-க்கு இன்னும் இடமுண்டு. ஆனால் டிஎம்டி இரண்டுங்கெட்டானாக வந்தால் அடுத்த காசைப் படச் சோதனைக்குப் போடுங்கள், நாலு மணி நேர ட்ரோபோனினுக்கு அல்ல.

கடைசியாக, முதல் ட்யூபை வாங்குவது என்று முடிவெடுத்தால், அதன் முடிவு வந்தபின் ஏற வேண்டும். காலையில் ரத்தம் எடுத்து, உடனே நடக்கவைத்து, மாலையில் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒன்றாகக் கொடுக்கும் ஏற்பாட்டில், முந்தின நாள் இரவு உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுக்கியது என்று சொன்னவருக்கு 38 வந்திருந்தால் அது நடந்து முடித்தபின்தான் தெரியவரும். மேல் எல்லையைத் தாண்டிய எண்ணோடு யாரையும் டிரெட்மில்லில் ஏற்றக் கூடாது. எலெக்ட்ரோடைக் கழற்றி, 12 லீட் ஈசிஜி எடுத்து, அவசரப் பிரிவுக்கு அனுப்பி, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் அதே கிட்டில் மறுபடி ட்ரோபோனின் பார்க்க வேண்டும்.